பாலாம்பிகைக்குக் கிடைத்த இரண்டு இடங்கள்

1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரே கிழமைக்குள் பாலாம்பிகைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை வந்தது லண்டன் ஹோபர்ன் பக்கத்தில் இருந்த ஒரு ஒஸ்தியோபதிக் கல்லூரியின் கடிதம். வெள்ளிக்கிழமை வந்தது கென்ட் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் இருந்த இன்னொரு கல்லூரியின் கடிதம். இரண்டிலும் இருந்த செய்தி ஒன்றுதான். செப்டம்பரில் தொடங்கும் நாலு வருடப் படிப்புக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம், மே மாதம் பத்தாம் தேதிக்குள் பதில் எழுதுங்கள்.

அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்து, தமிழ் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தல் வந்த காலத்தில் நாலு புள்ளியால் மருத்துவ பீடம் தவறிப்போய், கனகலிங்கத்தைக் கட்டி, எண்பத்துநாலில் ஆறு வயது மகளோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தவள். இல்ஃபோர்டில் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். கனகலிங்கத்துக்குச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் வேலை. மகள் சிவகௌரிக்குப் பதினாறு வயது.

பாலாம்பிகை எட்டு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் உதவியாளராக இருந்தாள். இடுப்பு எலும்பு மாற்றியவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைப்பதும், பயிற்சி அறையின் பாய்களைத் துடைத்து வைப்பதும் அவள் வேலை. அந்த எட்டு வருடத்தில் கைக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும்போதே முதுகில் எந்த இடம் இறுகிக் கிடக்கிறது, எந்தப் பக்கத்து இடுப்பு வேலை செய்ய மறுக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததைச் சொல்லும் இடத்தில் அவள் இல்லை. சொன்னால் யாராவது சிரித்துக்கொண்டே, "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பாலா" என்பார்கள்.

முந்தின வருடம்தான் பாராளுமன்றத்தில் ஒஸ்தியோபதிக்குத் தனிச் சட்டம் நிறைவேறியிருந்தது. வேலைத்தலத்துத் தேநீர் அறையில் கிடந்த பத்திரிகையில் அதைப் பற்றி வாசித்தாள். எலும்பு, மூட்டு, தசை இவற்றைக் கையால் தொட்டறிந்து கையாலேயே சீர்செய்யும் வைத்தியம், வயது வந்தவர்களையும் கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன என்று அதில் இருந்தது. மூன்று கிழமை ஒருவருக்கும் மூச்சுவிடாமல் இருந்தாள். பிறகு இரண்டு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டாள். இரண்டு இடமும் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஒன்றுகூடக் கிடைக்காது என்றுதான் இருந்தாள்.

விஷயம் வெளியே வந்ததும் முதலில் வந்து விசாரித்தவர் சபாரத்தினம். கனகலிங்கத்தின் ஒன்றுவிட்ட அண்ணன், அடுத்த தெருவில் வீடு, கவுன்சிலில் வேலை. கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு கேட்டார்.

"அப்ப இது எங்கட முறிவு வைத்தியம்தானே. ஒட்டகப்புலத்தில எண்ணெய் பூசிக் கட்டுறதை இஞ்ச நாலு வருஷம் இருந்து படிக்கவேணுமோ?"

ஒட்டகப்புலம், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கு யாழ்ப்பாணத்தில் பேர்போன ஊர்.

"அது முறிஞ்சதுக்கு அண்ணை," என்றாள் பாலாம்பிகை. "இது முறியாததுக்கு."

சபாரத்தினம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

உண்மையான சிக்கல் சபாரத்தினம் இல்லை. இரண்டு கல்லூரிகளில் எது என்பதுதான்.

ஹோபர்ன் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மரியாதையான ஆட்கள். வேதியியல் பற்றிக் கேட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் படித்தது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்கள். குடும்பத்தோடு படிப்பைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இடம் தருகிறோம், ஆனால் கோடையில் ஒரு வேதியியல் வகுப்பை முடித்துவிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. வகுப்பில் தொண்ணூறு பேர். கட்டடம் ஐந்து மாடி. கீழ்த்தளத்தில் பொதுமக்கள் வந்து மாணவர்களிடம் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பெறும் கிளினிக்.

கென்ட் கல்லூரி வேறு மாதிரி. பெரிய பழைய வீடு, சுற்றிவரப் புல்வெளி, ஓரத்தில் நாலைந்து அப்பிள் மரம். தலைவி அறுபது வயதைத் தாண்டிய நெட்டைப் பெண்மணி. சப்பாத்தில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி மேசையில் வைத்து, அதன்மேல் தொலைபேசிப் புத்தகத்துத் தாள் ஒன்றை மூடினார். "கண்ணை மூடிக்கொண்டு முடி எங்கே கிடக்கிறது என்று காட்டுங்கள்" என்றார்.

பாலாம்பிகை விரல் நுனியால் தடவிக் காட்டினாள். தலைவி இன்னொரு தாளை வைத்தார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் முடியை இடம் மாற்றி வைத்தார். ஐந்தாவது தாளில் அவளுக்கு அச்சம் போய்விட்டது. எட்டாவது தாளில் அறையே மறந்துபோயிற்று. பன்னிரண்டு தாள்வரை பிடித்தாள். பதின்மூன்றில் முடி தொலைந்துபோனது.

"போன வருடம் வந்தவர்களில் மிகத் திறமானவர் ஒன்பது" என்று சொல்லிவிட்டுத் தலைவி தேநீர் ஊற்றினார். அப்போதே பாலாம்பிகையின் மனம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

கடிதங்கள் வந்த கிழமையின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் பேச்சு எழுந்தது.

"ஹோபர்ன் எண்டால் முக்கால் மணித்தியாலம்," என்றான் கனகலிங்கம். "பின்னேரம் ஆறரைக்கு வீட்டில நிப்பீர். பிறகென்ன யோசினை?"

"அங்க ஒரு வகுப்பில தொண்ணூறு பேர். கென்டில இருபத்திரண்டு பேர்தான். அந்த மனிசி என்ரை கையைப் பாத்தவ. ஹோபர்னில கெமிஸ்ட்ரி மட்டும்தான் கேட்டவை."

"கெமிஸ்ட்ரி கேக்கிறது பிழையோ?"

"பிழை இல்லை."

"பிறகு?"

அவள் கத்தரிக்காய்க் குழம்பை அவன் பக்கம் தள்ளினாள். சிவகௌரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மா, just go where you want, நான் சமைப்பன்" என்றாள். அவளுக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும் என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

கனகலிங்கம் இரண்டு நாள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோபம் என்று அவள் நினைத்தாள். புதன்கிழமை அவனுக்கு ஓய்வு நாள். விடிய எழும்பி, இரண்டு சான்ட்விச் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனான். பின்னேரம் ஏழு மணிக்குத் திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"இல்ஃபோர்டில ஆறு நாலு றெயின் எடுத்தால் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஆறு இருபத்தாறு. அங்கயிருந்து விக்டோரியா. ஏழு மூண்டு றெயினைப் பிடிச்சால் எட்டேகாலுக்கு அங்க நிக்கலாம். ஸ்டேஷனில இருந்து பஸ் இருக்கு. நடந்தால் பதினேழு நிமிஷம், நான் நடந்து பாத்தனான்."

பாலாம்பிகை குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நீங்கள் அங்க போனனீங்களோ?"

"போய்ப் பாக்காமல் என்னெண்டு தெரியும்?" என்றான். "ஒவ்வொரு நாளும் போய்வர ஏலாது. உடம்பு தாங்காது. கிழமைக்கு மூண்டு இரவு அங்க தங்கலாம். கல்லூரி அறிவிப்புப் பலகையில ஒரு அறை போட்டிருந்துது. போய்ப் பாத்தன். மிஸஸ் பென்ரோஸ் எண்டு ஒரு வயதான மனிசி. மரக்கறி சமைக்க விடுவாவாம், மணம் ஒரு பிரச்சினை இல்லையாம். அவவின்ரை மனிசன் மலாயாவில இருந்தவராம்."

"ஹோபர்ன்தான் நல்லது எண்டீங்கள்."

கனகலிங்கம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "வாசலில நிண்டு கொஞ்ச நேரம் பாத்தனான். படிக்கிற பொடியளும் பெட்டையளும் புல்லில இருந்து ஒருத்தற்ரை முதுகை ஒருத்தர் பிடிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கினம். உமக்கு அந்த இடம் பிடிக்கும்."

பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளுக்குச் சேலை வாங்கிக் கொடுத்திருக்கிறான், நகை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் பதினேழு நிமிடத்தை அளந்து கொடுத்த அந்த மாலையில் அவளுக்கு வந்த சந்தோஷம் அதற்கெல்லாம் வரவில்லை. கென்ட் என்று முடிவாயிற்று.

அடுத்த கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் கனகலிங்கமே செய்தியைச் சொன்னான். சபாரத்தினம் பிரகாரத்தில் அவனை ஒதுக்குப்புறமாக அழைத்து, குடும்பப் பெண் மூன்று இரவு வெளியே தங்குவது எப்படி என்று கேட்டார்.

"நான் ஏழு வருஷம் நைட் ஷிப்ட் செய்தனான் அண்ணை," என்றான் கனகலிங்கம். "அவ ஒருநாளும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை."

ஹோபர்னுக்கு மறுப்புக் கடிதம் எழுதவேண்டியதுதான் பாக்கி. பாலாம்பிகை அழகான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். தபாலில் போடாமல் கைப்பையில் வைத்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் ஒரு வருடமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் போட்ட காலத்தில், ஒஸ்தியோபதி என்றால் நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று அறிய, ஹோபர்ன் கிளினிக்கில் ஒரு நாள் கேட்டு வைத்திருந்தாள். அந்த நாள் இப்போதுதான் வந்தது, ஏப்ரல் கடைசிச் செவ்வாய். போகாமல் விடலாமா என்று நினைத்தாள். "தோள் நோகுதுதானே, போட்டு வாரும்" என்றான் கனகலிங்கம். போகும்போது கடிதத்தையும் கையோடு கொடுத்துவிடலாம், அதுதான் முறை என்று அவளுக்கும் பட்டது.

கீழ்த்தளக் கிளினிக் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. நீண்ட அறையைத் திரைச்சீலைகளால் தடுத்துத் தடுத்துப் பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் வருட மாணவி, சிவந்த முடி, இதமான குளிர்ந்த கை. கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவளைக் குப்புறப் படுக்கவைத்தாள். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பாலாம்பிகைக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் மாணவியின் வெள்ளைச் சப்பாத்தும்தான். பெண் கெட்டிக்காரி. தோளில் தொடங்காமல் விலாவில் தொடங்கினாள். சரியான இடம் என்று பாலாம்பிகை மனதுக்குள் ஒத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்து ஓர் ஆண் மாணவனின் குரல் கேட்டது. மிகவும் பண்பான குரல்.

"இங்கே வலிக்கிறதா, ஐயா?"

"நோ," என்றது ஒரு முதிய குரல்.

"நல்லது. இங்கே?"

"நோ. நோ."

"இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன். இப்போது?"

"நோ... நோ... சரியான நோ..."

"அருமை. அப்படியானால் இந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்."

கட்டில் கிறீச்சிட்டது. அந்த முதியவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்த சத்தம் பாலாம்பிகைக்குக் கேட்டது. அவள் தலையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்கள்," என்றாள் ஆங்கிலத்தில், திரையைப் பார்த்து. "தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்கிறார்."

பக்கத்துக் கட்டிலின் கிறீச்சல் நின்றது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அந்த முதிய குரல் வந்தது.

"ஆர் பிள்ளை அது? தமிழோ?"

"ஓம் ஐயா. நான் இஞ்ச பக்கத்துக் கட்டில்."

மேற்பார்வை பார்த்த ஆசிரியர் விரைந்து வந்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்த மனிதர். பாலாம்பிகை போர்வையைச் சுற்றிக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். "எங்கள் ஊர்த் தமிழில் நோ என்றால் வலி," என்று விளக்கினாள். "அவர் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது, வலிக்கிறது என்றுதான் சொன்னார்." ஆசிரியர் சிரிக்கவில்லை. பக்கத்துத் திரையை விலக்கி, முதலில் முதியவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாணவனின் காது இரண்டும் செம்பருத்தி நிறமாகிவிட்டன. முதியவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, பாலாம்பிகையை அங்கே வந்து உதவ முடியுமா என்று ஆசிரியர் கேட்டார்.

முதியவரின் பெயர் செபமாலைமுத்து. யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். மீன் சந்தையில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. மாதா கோயில் சுவாமியார் சொல்லி இந்தக் கிளினிக்குக்கு வந்தவர். கூட வரவேண்டிய மகனுக்குக் கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறிவிட்டது.

"எப்பிடி நோகுது ஐயா?" என்று கேட்டாள். "குத்துதோ, உளையுதோ, கடுக்குதோ, எரியுதோ?"

அவர் முகம் மாறிப்போனது. நாலு மாதமாக ஒருவரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"பகல் முழுக்க உளைவு, பிள்ளை. அது பரவாயில்லை, அதோட வேலை செய்யலாம். குனிஞ்சு நிமிரேக்கதான் ஒண்டு மின்னல் மாதிரி வெட்டிக்கொண்டு கீழ ஓடும். காலின்ரை பெருவிரல் மட்டுக்கும் ஓடும். விடியப்புறம் அந்த விரல் விறைச்சுப்போய்க் கிடக்கும், என்ரை விரல் இல்லாத மாதிரி."

அவள் மொழிபெயர்த்தாள். உளைவு என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆழத்தில் இருந்துகொண்டு விடாமல் அரிக்கிற, களைப்போடு சேர்ந்த ஒரு வலி என்று சொன்னாள். ஆசிரியர் எழுதிக்கொண்டே வந்தவர், பெருவிரல் என்றதும் பேனையை மூடினார். முதியவரின் பெருவிரலைத் தன் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொன்னார். வலது விரலுக்கு அந்தப் பலம் இல்லை.

"இன்று இவரைத் திருப்பியிருக்கக் கூடாது," என்று மாணவனிடம் அமைதியாகச் சொன்னார். "நரம்பு அழுத்தப்படுகிறது. முதலில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். நானே கடிதம் எழுதித் தருகிறேன்."

மாணவன் எழுதிக்கொள்ள ஒரு தாளை எடுத்தான். வலிக்கும் இடத்தை எப்படிக் கேட்பது என்று பாலாம்பிகையிடம் கேட்டான். "எங்க நோகுது," என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அவன் நாலு தரம் சொல்லிப் பார்த்தான். நாலாம் தரம் செபமாலைமுத்து, "இப்ப விளங்குது தம்பி" என்றார்.

ஆசிரியர் அவளிடம் கேட்டார். "நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?" அவள் சொன்னாள். செப்டம்பருக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்பதையும் சொன்னாள். மறுப்புக் கடிதம் கைப்பையில் இருப்பதைச் சொல்லவில்லை. "ஓ, அப்படியா," என்று தலையாட்டிவிட்டு அவர் அடுத்த திரைக்குப் போய்விட்டார். அவருக்கு வேலை கிடந்தது.

வெளியே வந்தபோது செபமாலைமுத்து அவளுக்காகப் படியடியில் நின்றார். இருவரும் பஸ் நிறுத்தம்வரை மெதுவாக நடந்தார்கள்.

"டொக்டர்மார் பனடோல் குளிசை தந்தே நாலு மாசத்தைப் போக்கிப்போட்டினம்," என்றார் அவர். "அங்கயும் இப்பிடித்தான் நோவோ எண்டு கேட்டிருப்பினம், நானும் நோ நோ எண்டிருப்பன். இப்ப நினைக்கச் சிரிப்பு வருது." உண்மையாகவே சிரித்தார். சிரித்ததால் இடுப்பில் நொந்து, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வரும்போது கேட்டார், "பிள்ளை இஞ்சதான் படிக்கிறீங்களோ?"

"செப்டம்பரில இருந்து," என்றாள் பாலாம்பிகை.

பஸ் போன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சொன்னதைத் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை என்பதும் சேர்ந்தே உறைத்தது. கைப்பையைத் திறந்து பார்த்தாள். கடிதம் அப்படியே இருந்தது. குப்பைத்தொட்டியில் போடப் போனவள், கல்லூரிப் பெயர் எழுதியிருக்கிறதே என்று நாலாகக் கிழித்துப் போட்டாள்.

வீட்டில் கனகலிங்கம் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, மிஸஸ் பென்ரோஸ் வீட்டுக்கு எந்தச் சட்டியைக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். செப்டம்பருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அவள் அவனை இருக்கச் சொல்லி, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவன் நோ கதைக்குச் சிரித்தான், பெருவிரல் கதைக்குச் சிரிப்பை நிறுத்தினான், கடிதத்தைக் கிழித்துவிட்டு ஹோபர்னுக்கே போக முடிவெடுத்ததை அவள் சொன்னபோது கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தான்.

"பாவம் பாத்து முடிவெடுக்கக் கூடாது," என்றான்.

"பாவம் பாத்து இல்லை. கென்டில எனக்குத் திறமாப் படிப்பிப்பினம், அது எனக்குத் தெரியும். ஆனா அங்க வாற சனம் தங்கட நோவைத் தாங்களே சொல்லக்கூடிய சனம். இஞ்ச கீழ வந்து இருக்கிற ஆக்களைப் பாத்தன். சோமாலியாப் பெண்டுகள், வங்காளி மனிசர், எங்கட ஆக்கள். நான் ஆருக்குக் கைவைக்கப் போறனோ அவையிட்டையே படிக்கவேணும் போல இருக்கு."

"அப்ப கை பாத்த மனிசி?"

"அதுதான் எனக்கும் கவலை."

கனகலிங்கம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டான். அவனாகத் தேத்தண்ணி போட்டால் ஒன்று கோபம், இல்லையென்றால் சமாதானம். இரண்டு கோப்பையில் கொண்டுவந்தபடியால் சமாதானம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"மிஸஸ் பென்ரோசுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றான். "அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை தைக்கிறன் எண்டவ. சரி, அதை நான் எழுதுறன். கோயில்ல சொன்ன ஆக்களுக்கும் நான்தான் சொல்லவேணும்."

கோயிலில் சபாரத்தினம், தான் அன்றைக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் மனம் மாறினார்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். கனகலிங்கம் மறுக்கப் போனபோது பாலாம்பிகை வேண்டாம் என்று கண்காட்டினாள்.

கென்ட் தலைவிக்கு எழுதுவதுதான் கடினமாக இருந்தது. நாலு தரம் எழுதிக் கிழித்தாள். கடைசியில் நடந்ததை நடந்தபடியே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஏமாற்றம்தான், ஆனால் உங்கள் காரணத்தோடு சண்டைபிடிக்க முடியவில்லை, கோடையில் பிற கல்லூரி மாணவர்களுக்கும் இரண்டு கிழமைப் பயிற்சி நடத்துகிறோம், முதல் வருடம் முடிந்ததும் வாருங்கள் என்று இருந்தது. அவள் போனாள். அந்த இரண்டு கிழமையும் மிஸஸ் பென்ரோஸ் வீட்டில்தான் தங்கினாள். திரைச்சீலை மஞ்சள் நிறம். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு மிஸஸ் பென்ரோஸிடமிருந்து வாழ்த்து மடல் வரும். அது பாலாம்பிகைக்கு வராது, கனகலிங்கத்தின் பெயருக்குத்தான் வரும்.

ஹோபர்ன் படிப்பு சுகமாக இருக்கவில்லை. கோடை முழுவதும் வேதியியல் படித்தாள். அதே புத்தகத்தை வைத்து மேசையின் மறுபக்கத்தில் சிவகௌரியும் படித்தாள், இரண்டு பேரில் மகளுக்குத்தான் பொறுமை குறைவு. வகுப்பில் அவளைவிட மூத்தவர் இரண்டு பேர்தான். முதல் வருடம் உடற்கூறியலில் சறுக்கித் திரும்ப எழுதினாள். தொண்ணூறு பேரில் பல ஆசிரியர்களுக்கு இரண்டாம் வருடம்வரை அவள் பெயர் தெரியாது. சில நாட்களில் அப்பிள் மரம் நின்ற புல்வெளியை நினைத்துக்கொண்டே சுரங்க ரயிலில் நின்றபடி வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆனால் மூன்றாம் வருடம் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டதும் ஆள் மாறிவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும் தமிழ் ஆட்கள் வந்து வரவேற்பறையில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். செபமாலைமுத்து சத்திரசிகிச்சை முடித்து, சந்தை வேலையை விட்டு, இலேசான வேலை ஒன்றுக்கு மாறியிருந்தார். அவர் அனுப்பிய ஆட்களே பத்துப் பேருக்குக் குறையாது. அந்தப் பண்பான மாணவன் படித்து முடித்துவிட்டுப் போகும்போது, தன் தமிழ்ச் சொற்கள் எழுதிய தாளைக் கிளினிக் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதில் எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, அவள் திருத்திவிட்டாள்.

1998 கோடையில் கடைசிப் பரீட்சை. முன்பின் தெரியாத ஒரு நோயாளியை, வெளியிலிருந்து வந்த பரீட்சகர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் சோதித்து வைத்தியம் செய்யவேண்டும். அவளுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், கழுத்தைத் திருப்ப முடியாதவர். அவள் செய்யவேண்டியதைச் செய்தாள். பரீட்சகர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகும்போது தச்சர் வாசலில் நின்று தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து அவளுக்குக் கையசைத்தார். தன்னால் அப்படித் திரும்ப முடிகிறது என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் தேறினாள் என்ற செய்தி மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. ஆனால் அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. இல்ஃபோர்ட் பஸ்ஸில் ஏறியவள் மனோர் பார்க் வந்ததும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்ற நினைவு வந்து இறங்கிவிட்டாள். கோயிலில் பூசை முடிகிற நேரம். கனகலிங்கம் வேலை முடிந்து நேரே அங்கே வந்திருந்தான், பிரசாதம் கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றான். அவளைக் கண்டதும் வரிசையை விட்டு வந்தான்.

"என்னெண்டு போச்சுது?"

"நீங்கள் ஏன் வரிசையை விட்டனீங்கள்?" என்றாள் பாலாம்பிகை. "போய் நில்லுங்கோ. எனக்கும் சேத்து வாங்குங்கோ, நல்ல பசி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றான். இரண்டு கிண்ணத்தில் சர்க்கரைப் புக்கை வாங்கிக்கொண்டு வந்தான். இருவரும் சுவரோரம் சப்பணங்கட்டி இருந்து, சூடு ஆறமுன்னர் சாப்பிட்டார்கள். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு அவனுடைய கிண்ணத்தைப் பார்த்தாள். அவன் அதையும் அவள் பக்கம் நீட்டினான்.